பழைய சேலை, ஜாக்கெட் வெட்டுத்துணி: ஒட்டுப்போர்வை தைக்க அளவும் முறையும் சொல்லுங்கள்

ஜாக்கெட்பிட்:
வணக்கம். மூன்று பை நிறைய வெட்டுத்துணி சேர்ந்திருக்கிறது. டூ பை டூ ரூபியா ஜாக்கெட் துண்டுகள், காட்டன் சுடிதார் மீதி, கொஞ்சம் பட்டு ஜாக்கெட் துண்டு, பாலியெஸ்டர் லைனிங் எல்லாம் கலந்து கிடக்கிறது. இது போக ஆறு பழைய காட்டன் சேலை (சுங்குடி, செட்டிநாடு, கோவை காட்டன்). ஒற்றைக் கட்டிலுக்கு ஒரு போர்வை வேண்டும். மெஷின் சாதாரணக் கறுப்புத் தலை மிதி மெஷின், நேர்த்தையல் மட்டும்தான். எதை எதோடு சேர்க்கலாம், எவ்வளவு துணி பிடிக்கும், நடுவில் என்ன வைப்பது, சாயம் போகுமா?

ஊசிமுனை:
பையைக் கொட்டியதும் எல்லோரும் நிறம் பார்த்துத்தான் பிரிப்பார்கள். முதலில் கனம் பாருங்கள், நிறத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். போர்வை பத்து வருஷம் வருமா பத்து சலவையில் போகுமா என்பது இங்கேதான் முடிவாகிறது.

காரணம் இதுதான். கனமான துணியும் மெல்லிசான துணியும் ஒரே தையலில் இருந்தால், துவைக்கும்போது கனமானது தண்ணீரைக் குடித்துத் தொங்கும். அந்த இழுப்பு முழுக்க மெல்லிசான துண்டின் மேல் விழும். தையல் பிரியாது, தையலை ஒட்டியே துணி கிழியும். அப்படிக் கிழிந்தால் மறுபடி தைக்கக் கால் இஞ்சு கூட மிச்சம் இருக்காது.

நான்கு குவியலாகப் போடுங்கள்:

ஒன்று, ரூபியா, பாப்ளின், மெல்லிய சுடிதார் காட்டன், நல்ல நிலையில் உள்ள கோவை காட்டன். இவை கூடிப்போகும். மேல்துணி (போர்வையின் மேலே தெரியும் அடுக்கு) இதிலிருந்துதான்.

இரண்டு, கெட்டி காட்டன்: செட்டிநாடு, பேன்ட் துணி, திரைச்சீலைத் துணி. இவை தனிப் போர்வைக்கு. செட்டிநாடு சேலை நன்றாக நைந்து மெத்தென்று ஆகியிருந்தால் முதல் குவியலோடு சேர்க்கலாம்.

மூன்று, பாலியெஸ்டர், ஜார்ஜெட், லைனிங். சந்தேகம் இருந்தால் ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள். காகிதம் எரியும் வாசனை வந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பல் என்றால் பருத்தி. உருகிக் கறுப்பு மணி போல இறுகினால் பாலியெஸ்டர். மணி, சாம்பல் இரண்டும் வந்தால் கலப்பு. பருத்தி சுருங்கும், பாலியெஸ்டர் சுருங்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தைத்தால் முதல் சலவையிலேயே பாலியெஸ்டர் துண்டு மட்டும் உப்பி நிற்கும்.

நான்கு, பட்டு. எடுத்து ஓரமாக வையுங்கள், அதற்கு வேறு வழி இருக்கிறது.

சேலையை எங்கே வேண்டுமானாலும் வெட்டாதீர்கள். கீழ்க்கரை ஓரமும், உட்காரும் இடமும்தான் முதலில் நைந்துபோகும். இடுப்பில் சொருகும் உள்முனைதான் உழைப்பு குறைவு, வெயிலும் பட்டிருக்காது. சோதிப்பது சுலபம்: இரண்டு கட்டைவிரலையும் ஒட்டி வைத்துத் துணியைக் குறுக்கே அழுத்தி இழுங்கள். இழை விலகினாலோ, சர்ரென்று விட்டாலோ அந்தப் பகுதி மேல்துணிக்கு ஆகாது. தூக்கிப்போட வேண்டாம், நடு அடுக்குக்கு வைத்துக்கொள்ளலாம். ஜரிகைக் கரையை மட்டும் அறுத்து எடுத்துவிடுங்கள். உடம்பில் உறுத்தும், கத்தரியின் கூரும் போகும்.

சாயக்கிண்ணம்:
சுங்குடி என்றதால் சாயம் பற்றி விரிவாகச் சொல்கிறேன். அரக்கு, கருநீலம், கரும்பச்சை மூன்றும்தான் அதிகம் தொல்லை தருபவை. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு விரலகலத் துண்டு எடுத்து, நனைத்த வெள்ளைத் துணியை மேலே வைத்து, சூடான இஸ்திரிப்பெட்டியைப் பத்து விநாடி அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தச் சேலையைத் தனியாகக் கொஞ்சம் சூடான தண்ணீரில், சோப்புத்தூள் போட்டு அரை மணி ஊறவைத்து அலசுங்கள். தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப. நாலு முறைக்குப் பிறகும் தண்ணீர் நிறமாகவே வந்தால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள். பக்கத்தில் வெள்ளை ரூபியா வரப்போகிறது என்பதை மறக்க வேண்டாம்.

புதுத்துணி எல்லாவற்றையும் வெட்டுவதற்கு முன்பே நனைத்துக் காயவையுங்கள். புதுப் பருத்தி மீட்டருக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் சுருங்கக்கூடும். பழைய சேலை சுருங்கி முடிந்தது. சின்னத் துண்டுகளை வாளியில் அலசினால் ஓரம் பிரிந்து நூல் பந்தாகிவிடும். ஒரு பழைய தலையணை உறையில் போட்டு வாய் கட்டி அலசுங்கள்.

வாழைப்பூநிறம்:
கல் உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்றுதானே வீட்டில் செய்கிறோம்? முதல் அலசலில் சாயம் குறைவாகத்தான் போகிறது, கண்ணாலேயே தெரிகிறது.

சாயக்கிண்ணம்:
கண்ணுக்குத் தெரிவது சரி, காரணம் வேறு அக்கா. சாயம் ஏற்றும்போது தொட்டியில் உப்புப் போடுவது, தண்ணீரில் கரைந்த சாயத்தை நூல் பக்கம் தள்ளுவதற்கு. அங்கே நூலோடு சாயத்தைப் பிணைப்பது உப்பு இல்லை, சோடா போன்ற காரம். வீட்டு வாளியில் காரவினை நடப்பதில்லை. பிணையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சச் சாயத்தை உப்பு அந்தத் தண்ணீரில் மட்டும் கரையவிடாமல் பிடித்துவைக்கிறது. அடுத்த முறை உப்பில்லாத தண்ணீர் பட்டால் அதே சாயம் வெளியே வரும். சேலைக்குப் பரவாயில்லை, தனியாகத் துவைப்போம். போர்வையில் அது பக்கத்துத் துண்டில் போய் உட்காரும். மிச்சச் சாயத்தை வெளியேற்றுவதுதான் வழி, பிடித்துவைப்பது இல்லை.

கால்இஞ்சு:
அளவுக்கு வருகிறேன். ஒன்பது கட்டம் சேர்ந்த ஒரு பிளாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுத்துணிக்கு இதைவிடத் தோதானது கிடையாது.

ஒரு சதுரம் வெட்டும் அளவு 3½ இஞ்சு. சுற்றிலும் கால் இஞ்சு தையலில் போய், தைத்தபின் 3 இஞ்சு. மூன்றுக்கு மூன்று சேர்த்தால் பிளாக் 9½ இஞ்சு, போர்வைக்குள் போனபின் 9. அகலத்தில் 6 பிளாக், நீளத்தில் 9, ஆக 54 பிளாக். அது 54 × 81 இஞ்சு. சுற்றிலும் 3 இஞ்சு பார்டர் வைத்தால் 60 × 87. ஒற்றைக் கட்டிலுக்கு இது சரி.

மொத்தம் 486 சதுரம். பாதி பிளாக்கில் 5 கறுத்த நிறம் 4 வெளிர், மீதிப் பாதியில் 5 வெளிர் 4 கறுத்த நிறம் என்று மாற்றி அடுக்கினால் இரண்டும் 243 வீதம் வரும், போர்வை முழுக்க ஒரே சதுரங்கப் பலகை போல ஓடும். கரை எடுத்தபின் சேலை 40 இஞ்சு அகலம் நிற்கும் என்று வைத்தால் ஒரு வரிசைக்கு 11 சதுரம். முழுக்கச் சேலையிலேயே எடுத்தாலும் 45 வரிசை, 4 மீட்டர்தான். ஆகவே துணி பற்றாது என்ற பயம் வேண்டாம். 4 இஞ்சுக்குக் குறைந்த துண்டு, அக்குள் வளைவில் விழுந்த முக்கோணத் துண்டு இரண்டையும் தள்ளி வையுங்கள்.

அச்சுக்கு அட்டை வேண்டாம். பத்து முறை வரைந்தால் அட்டையின் ஓரம் தேய்ந்து அளவு மாறிவிடும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமை 3½ இஞ்சுக்குச் சரியாக வெட்டி, அடியில் மெல்லிய உப்புத்தாளை ஒட்டுங்கள். துணியில் வைத்தால் நகராது. அச்சின் ஒரு பக்கம் துணியின் நேர் இழையோடு ஒத்துப்போக வேண்டும். கிராஸாக (இழைக்குச் சாய்வாக) வெட்டிய சதுரம் கையில் எடுத்ததுமே இழுபடும்.

இனி கால் இஞ்சு. கறுப்புத் தலை மெஷினில் அழுத்துகாலின் ஓரம்தான் கால் இஞ்சு என்று நம்பித் தைக்காதீர்கள், மெஷினுக்கு மெஷின் மாறும். ஊசியைக் கையால் இறக்கி, ஊசியிலிருந்து ஸ்கேலால் அளந்து, தகட்டின் மேல் மாஸ்கிங் டேப்பை ஐந்தாறு அடுக்காக ஒட்டி ஒரு சின்னச் சுவர் கட்டுங்கள். துணி அந்தச் சுவரை உரசிக்கொண்டே போகட்டும்.

சோதனை: 1½ இஞ்சு அகலத்தில் மூன்று பட்டை வெட்டி, பக்கவாட்டில் சேர்த்துத் தைத்து, தேய்த்து, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக 1 இஞ்சு இருக்க வேண்டும். குறைந்தால் டேப்பை ஊசிப் பக்கம் ஒரு நூலிழை அளவு தள்ளுங்கள். துணி மடிந்து திரும்பும் இடத்திலும் கொஞ்சம் போகும், அதனால் கால் இஞ்சுக்கு ஒரு நூலிழை அளவு குறைவாகத் தைப்பதுதான் உண்மையில் சரி. இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும்? தையல் 1/16 இஞ்சு கூடினால் ஒரு மூட்டுக்கு 1/8 போகும். அகலத்தில் 17 மூட்டு. இரண்டு இஞ்சுக்கு மேல் காணாமல் போய்விடும்.

ஊசிமுனை:
தேய்ப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தையலுக்கும் பிறகு தேய்க்க வேண்டும். பெட்டியை இழுத்துத் தேய்க்காமல், தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள். இழுத்தால் சதுரம் சாய்சதுரமாகும். தையல் மடிப்பைக் கறுத்த துணிப் பக்கம் திருப்புங்கள். வெளிர்ப் பக்கம் திருப்பினால் நிழல் தெரியும். ஒரு வரிசையில் வலப்பக்கம், அடுத்த வரிசையில் இடப்பக்கம் என்று இருந்தால் வரிசைகளைச் சேர்க்கும்போது மடிப்புகள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். விரல்நுனியால் தடவினாலே அந்தப் பூட்டு தெரியும். அந்த இடத்தில் ஒரு குண்டூசி, அவ்வளவுதான், நான்கு மூலையும் ஒரே புள்ளியில் வந்து நிற்கும்.

ஜாக்கெட்பிட்:
மிக்க நன்றி. நடுவில் இலவம் பஞ்சு வைக்கலாமா? வீட்டில் பழைய மெத்தைப் பஞ்சு இருக்கிறது.

பஞ்சுப்பொதி:
வேண்டாம். இலவம் பஞ்சின் இழை குட்டை, வழுவழுப்பு. ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது. தலையணைக்குள் திணித்து வைத்தால் சரி, போர்வையில் பரப்பினால் ஒரு வாரத்தில் மூலைக்கு ஓடிவிடும், தையல் துளை வழியாகவும் பறக்கும். பருத்திப் பஞ்சைத் தட்டிப் பரப்பலாம், ஆனால் இரண்டு இஞ்சுக்கு ஒரு தையல் ஓட்டம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துவைத்ததும் கட்டி கட்டியாகும். கடையில் விற்கும் பாலியெஸ்டர் ஃபைபர் ஷீட்டில் 100 அல்லது 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) எடுத்தால் 4 இஞ்சு இடைவெளி போதும், சீக்கிரம் காயும். ஆனால் நம் ஊர் வெயிலுக்கு அது புழுங்கும். ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு என்றால் வாங்குங்கள்.

மதுரை, சென்னை வெயிலில் என்றால் நடுவில் பழைய சேலையே. மேல்துணி, நடுவில் இரண்டு சேலை அடுக்கு, அடித்துணி. சதுர மீட்டருக்கு 80 கிராம் என்று கணக்கு வைத்தாலும் நான்கு அடுக்கும் சேர்ந்து ஒரு கிலோவும் கொஞ்சமும்தான். கையால் துவைத்துப் பிழிய முடியும். வங்காளத்துக் காந்தா, மகாராஷ்டிரத்து கோதடி, கர்நாடகத்து கவுதி எல்லாம் பழைய துணி அடுக்குதான், பஞ்சு கிடையாது. ஒரு விஷயம் கவனியுங்கள்: நடு அடுக்கில் கெட்டியான புதுத்துணி வைக்காதீர்கள், ஊசி ஏறாமல் கை வலிக்கும்.

கால்இஞ்சு:
அடித்துணிக்கும் கணக்கு இதோ. மேல்துணி 60 × 87 என்றால் அடித்துணி சுற்றிலும் 2 இஞ்சு கூட, 64 × 91 வேண்டும். 5½ மீட்டர் சேலை 216 இஞ்சு. 92 இஞ்சு வீதம் இரண்டு நீளம் வெட்டிப் பக்கவாட்டில் இணைத்தால் 90 இஞ்சு அகலம் வரும். இணைக்குமுன் கெட்டி ஓரத்தை வெட்டிவிடுங்கள், அது தனியாகச் சுருங்கி நடுவில் ஒரு சுருக்குக் கோடு விழும். தேவை 64 தான், ஆக சுமார் 25 இஞ்சு அகலப் பட்டை மிச்சம். அதிலேயே 2½ இஞ்சு அகலத்தில் 92 இஞ்சு நீளமாக நான்கு பட்டை வெட்டினால் சுற்று ஓரம் கட்ட வேண்டிய 306 இஞ்சுக்கு மேலேயே கிடைத்துவிடும்.

அங்குஸ்தான்:
அடுக்கு சேர்ப்பதுதான் பலரும் அவசரப்படும் இடம். தரையைத் துடைத்து, அடித்துணியின் உள்பக்கம் மேலே தெரிய விரியுங்கள். ஓர் அடிக்கு ஓர் இடம் டேப் போட்டுத் தரையோடு ஒட்டுங்கள். சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும், தோல் மாதிரி இழுக்கக் கூடாது. டேப்பை எடுத்ததும் அது சுருங்கி, மேல்துணி கொப்புளிக்கும். அதன்மேல் நடு அடுக்கு, அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிவிட்டு, நடுவிலிருந்தே தொடங்கி, 4 இஞ்சுக்கு ஒரு வரிசையாகத் தற்காலிகத் தையல் போடுங்கள். ஊக்குப் போடுவதானால் உள்ளங்கையை எங்கே வைத்தாலும் கீழே ஓர் ஊக்கு தட்டுப்பட வேண்டும்.

கையால் தைப்பதானால், நூல் ஒரு முழம். அதற்கு மேல் எடுத்தால் சிக்கும், பஞ்சு போல நைந்தும் போகும். நுனியில் சின்ன முடிச்சுப் போட்டு, மேல்துணியில் குத்தி, லேசாகச் சுண்டி இழுத்தால் டப்பென்று முடிச்சு உள்ளே போய் நடு அடுக்கில் பிடித்துக்கொள்ளும். இஞ்சுக்கு 4 முதல் 6 ஓட்டுத் தையல். சின்னதாக வருவதைவிட ஒரே சீராக வருவது முக்கியம். நடுவிரலில் அங்குஸ்தான் (ஊசி குத்தாமல் விரலில் மாட்டும் உறை) இல்லாமல் நான்கு அடுக்கு தைக்க முயலாதீர்கள். அடிப்பக்கம் இருக்கும் விரல் நுனியில் ஊசி தொட்டது தெரிந்த உடனே மேலே திருப்ப வேண்டும். அப்போதுதான் அடித்துணியிலும் தையல் விழும்.

ஊசிமுனை:
மெஷினில் அடுக்கு தைக்கலாம், கறுப்புத் தலை மெஷினுக்கு அந்தப் பலம் இருக்கிறது. ஆனால் மூன்று மாற்றம் செய்யுங்கள். ஊசி 16 (துண்டு சேர்க்க 14 போதும்). தையல் நீளம் இஞ்சுக்கு 8 அல்லது 9. அழுத்துகால் தண்டின் உச்சியில் உள்ள திருகைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். அடியில் உள்ள பல் கீழ்த்துணியை இழுத்துக்கொண்டு போகும், மேல்துணியைக் கால் பிடித்து நிறுத்தும். இந்த இழுபறிதான் சுருக்கத்துக்குக் காரணம். அழுத்தம் குறைந்தால் இழுபறி குறையும்.

எல்லாக் கோட்டையும் ஒரே திசையில் ஓட்டுங்கள். ஒன்று மேலிருந்து, அடுத்தது கீழிருந்து என்று போனால் இரண்டு கோட்டுக்கு நடுவில் சாய்வுச் சுருக்கம் விழும். முதல் கோடு போர்வையின் நட்டநடுவில். பிறகு வலப்பாதி, அப்புறம் போர்வையைத் திருப்பாமல் இடப்பாதி. வலப்பக்கத்தைப் பாய் போலச் சுருட்டி மெஷின் கழுத்துக்குள் விடுங்கள். மீதிக் கனம் தரையில் தொங்காமல் இடப்பக்கம் ஒரு ஸ்டூல் போட்டுத் தாங்குங்கள். தொங்கினால் ஊசி வளைந்து தகட்டில் குத்தி உடையும்.

கவந்திப்பிரியை:
நீங்கள் எல்லோரும் சதுரம் என்கிறீர்கள். தள்ளி வைத்த அந்த முக்கோணத் துண்டு, கோணல் துண்டு எல்லாம் என்ன ஆவது? வட கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கம் சித்தி என்ற ஆப்பிரிக்க வம்சாவளிச் சமூகத்துப் பெண்கள் தைக்கும் கவந்தி முறையைப் பாருங்கள். ஸ்கேல் வேண்டாம், மெஷின் வேண்டாம், பிளாக் வேண்டாம்.

அடியில் ஒரு முழுச் சேலை. ஓரத்தை உள்பக்கம் மடித்துக்கொண்டு, ஒரு மூலையில் தொடங்குங்கள். முதல் துண்டின் வெளி ஓரங்களை மடித்து, சேலையின் ஓரத்தோடு ஒட்டி வைத்து ஓட்டுத் தையல். அடுத்த துண்டு அதன் பக்கத்தில், முதல் துண்டின் மடிக்காத ஓரத்தை மூடும்படி அரை இஞ்சு ஏறி உட்காரும். அதன் ஓரமும் மடித்து. இப்படியே நான்கு பக்கமும் சுற்றி வந்து, உள்சுற்று, அதற்கும் உள்சுற்று என்று நடுவை நோக்கிப் போக வேண்டும். தையல் வரிசைகள் அரை இஞ்சு இடைவெளியில் நிற்காமல் ஓடும். துண்டு சேர்ப்பது, அடுக்கைப் பிணைப்பது, ஓரம் கட்டுவது மூன்றும் ஒரே வேலையில் முடிகிறது. நான்கு மூலையிலும் மடித்த துணி முக்கோணங்களை வைத்துப் பூலா என்ற பூ தைத்தால்தான் அவர்கள் கணக்கில் போர்வை முடிந்தது.

கால்இஞ்சு:
அழகான முறை, மறுக்கவில்லை. ஆனால் 60 × 87 முழுக்க அரை இஞ்சு இடைவெளியில் கைத்தையல் என்றால் மாதக்கணக்கில் ஆகும். முதல் முறை தைப்பவர் தொட்டில் குழந்தைக்கு 30 × 36 அளவில் தொடங்குவது நல்லது.

கவந்திப்பிரியை:
ஒப்புக்கொள்கிறேன், அளவைச் சின்னதாக வையுங்கள். ஒரு பிழை எல்லோருக்கும் வரும்: ஓரச்சுற்றில் நூலை இறுக்கி இழுத்துவிட்டு, நடுவுக்கு வரும்போது தளர்வாகத் தைப்பது. அப்போது நடுப்பகுதி கூடாரம் போலத் தூக்கிக்கொள்ளும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் தரையில் விரித்து உள்ளங்கையால் நீவிப் பாருங்கள்.

ஜாக்கெட்பிட்:
சதுரத்தில் தொடங்கிவிட்டேன். 12 பிளாக் ஆனது. நான்கு பிளாக் 9½ சரியாக இருக்கிறது, ஐந்து 9⅜, மூன்று 9⅛. எல்லாவற்றையும் 9⅛க்கு வெட்டிவிடலாமா?

கால்இஞ்சு:
வெட்டாதீர்கள். வெட்டினால் ஓரச் சதுரங்கள் மட்டும் சிறுத்துவிடும், பக்கத்துப் பிளாக்கின் மூட்டோடு எந்த மூட்டும் ஒத்துப்போகாது. 9⅛ வந்த மூன்றிலும் தையல் பிரிக்கும் கருவியால் மூட்டுகளைப் பிரித்து மறுபடி தையுங்கள். பிரிக்குமுன் உள்பக்கம் தையலுக்கு வெளியே எவ்வளவு துணி நிற்கிறது என்று அளந்து பாருங்கள், எந்த மூட்டு கால் இஞ்சைத் தாண்டியது என்று உடனே தெரியும். 9⅜ அப்படியே இருக்கட்டும். 9½ பிளாக்கோடு சேர்க்கும்போது இரண்டு முனையிலும் மூட்டுகளிலும் குண்டூசி குத்தி, பெரிய பிளாக்கை அடிப்பக்கம் வைத்துத் தையுங்கள். அடியில் உள்ள பல் அந்த 1/8ஐத் தானே உள்வாங்கிக்கொள்ளும்.

பார்டரிலும் இதே கவனம். போர்வையின் ஓரத்தை அளந்து பார்டர் வெட்டினால் ஓரம் அலை அலையாக வரும், ஓரம் எப்போதும் கொஞ்சம் இழுபட்டிருக்கும். நட்டநடுவில் குறுக்கே அளந்து, அந்த அளவுக்குப் பார்டரை வெட்டி, போர்வையை அதற்குள் அடக்குங்கள்.

அங்குஸ்தான்:
ஓரம் கட்டும்போது 2½ இஞ்சுப் பட்டைகளைச் சாய்வாக இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தேய்த்து, மடிக்காத பக்கம் போர்வை ஓரத்தோடு சேரும்படி வைத்துத் தையுங்கள். மூலை வருவதற்குக் கால் இஞ்சு முன்னால் நிறுத்தி நூலை அறுக்க வேண்டும். பட்டையை நேர் மேலே மடித்து, பிறகு கீழே இறக்கி, அடுத்த பக்கத்தை ஓரத்திலிருந்தே தொடங்கினால் மூலை உறை மடித்தது போல வரும். நேர் மூலைக்குக் கிராஸ் பட்டை தேவையில்லை. மூலையை வட்டமாக வெட்டினால் மட்டும் கிராஸ்.

வாழைப்பூநிறம்:
பட்டுத் துண்டுக்கு வழி இருக்கிறது என்றீர்களே ஊசிமுனை?

ஊசிமுனை:
ஆமாம். பட்டு ஜாக்கெட் துண்டு தனியாக நின்றால் ஓரம் பிரியும், தையலில் இழை விலகும். 17 இஞ்சுச் சதுரத்தில் மெல்லிய மல் துணி ஒன்று அடித்தளமாக. நடுவில் ஐந்து பக்கம் உள்ள ஒரு பட்டுத் துண்டு. அடுத்த துண்டை அதன்மேல் நல்ல பக்கம் நல்ல பக்கம் சேர வைத்து, அடித்தளத்தையும் சேர்த்துத் தைத்து, வெளிப்பக்கம் திருப்பித் தேய்க்க வேண்டும். பட்டின் மேல் ஒரு பருத்தித் துணி போட்டு மிதமான சூட்டில் மட்டும். சுற்றிச் சுற்றி இப்படியே அடித்தளம் மூடும்வரை. பிறகு அடித்தளத்தின் பக்கமிருந்து பார்த்து 16½ இஞ்சுக்குச் சீராக வெட்டினால் 16 இஞ்சுக் குஷன் உறைக்கு முன்பக்கம் தயார். பட்டுத் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்க்கும் தையலில் விளிம்பு கால் இஞ்சு போதாது, அரை இஞ்சு விடுங்கள்.